வாசகர் கேள்வி – பதில்: உப்பு திறக்கும் கதவு

செல்லின் சவ்வைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழினை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து வந்தவை, மருத்துவமனையிலிருந்து வந்தவை, வகுப்பறையிலிருந்து வந்தவை என அவை வேறுவேறாகத் தோன்றினாலும், ஒரு விடையைப் படித்தால் அடுத்த விடை எளிதில் விளங்கும் என்பதால் அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

வடுமாங்காயில் விளக்கெண்ணெய் தடவிக் கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், ஓரிரு நாளில் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, மாங்காய் சுருங்கிவிடுகிறது. நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. அது மாங்காயின் நீர்தான் என்றால், தோல் கிழியாமல் எப்படி வெளியே வந்தது?
— இல்லத்தரசி, ஸ்ரீவில்லிபுத்தூர்

மாங்காயின் நீரேதான் அது. மாங்காயின் சதை எண்ணற்ற செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் உள்ளிருப்பையும் ஒரு சவ்வு சூழ்ந்து காக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனை எட்ட வேண்டுமானால் அத்தகைய சவ்வுகளை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் அடுக்க வேண்டும், அவ்வளவு மெல்லியது. கொழுப்பு வகை மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, நீரோடு ஒட்டும் தலைகளை இருபுறமும் காட்டி, நீரோடு ஒட்டாத வால்களை நடுவில் மறைத்துக்கொண்டு நிற்பதுதான் அதன் அடிப்படை அமைப்பு. 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தபோது, அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்காக இருந்தது. இரட்டை அடுக்கு என்ற முடிவு அப்படித்தான் பிறந்தது. அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் மேற்பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள்; இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரியாக வந்துவிட்டது என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

ஆக்சிஜன் போன்ற சிறிய, மின்னூட்டமற்ற மூலக்கூறுகள் இந்தக் கொழுப்பு அடுக்கைத் தாமே கடந்துவிடும். உப்பு நீரில் கரைந்ததும் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிந்துவிடுவதால், அதற்கு அந்த வழி கிடையாது. நீர் ஓரளவு கசியும். பெருமளவில் செல்லவோ சவ்வில் பதிந்த தனிப் புரத வாயில்கள் வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பீட்டர் ஏகர் என்பவரின் குழு, இப்படிப்பட்ட புரதம் ஒன்றைத் தவளை முட்டையில் உண்டாகச் செய்து, அந்த முட்டையை உப்புக் குறைந்த நீரில் போட்டபோது, அது விரைவாக உப்பி வெடித்தது. சாதாரண முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1992-இல் வெளியான அந்த ஆய்வுக்காக அவருக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்குவாபோரின் என்று பெயர் பெற்ற அந்த வாயில் ஒன்றின் வழியே நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் செல்கின்றன.

ஆகவே ஜாடியில் நடப்பது இதுதான்: வெளியே உப்பு செறிந்திருக்கிறது, அது உள்ளே நுழைய முடியாது, நீரோ வெளியேற முடியும். நீர், உப்பு மிகுந்த பக்கத்துக்குச் செல்கிறது. இதையே சவ்வூடு பரவல் என்கிறோம். சில நாள்களில் செல்கள் மடிந்து சவ்வுகள் சிதைந்த பிறகுதான் உப்பு சதைக்குள் முழுமையாக இறங்குகிறது. மாங்காய் "ஊறிவிட்டது" என்று நீங்கள் சொல்வது அந்த நிலையைத்தான்.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னால், "குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கிறோமே, உப்பு எதற்கு?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். வேறு சிலர் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு எப்படி விளக்குவது?
— கிராம சுகாதாரச் செவிலியர், அரியலூர் மாவட்டம்

சகோதரி, இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை எழுத விரும்புகிறேன்; ஏனெனில் சவ்வைப் பற்றிய அறிவு இவ்வளவு நேரடியாக உயிர் காத்த இடம் வேறு உண்டா என்பது ஐயமே.

குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு நீரை இழுத்து உறிஞ்சும் கருவி எதுவும் இல்லை. கரைந்த பொருள் எங்கே செல்கிறதோ அதன் பின்னால் நீர் செல்லும். வடுமாங்காயில் பார்த்த அதே விதி. எனவே நீரை உடலுக்குள் கொண்டுவர வேண்டுமானால், முதலில் சோடியத்தையும் சர்க்கரையையும் உள்ளே கொண்டுவர வேண்டும். இவ்விரண்டும் குடற்செல்லின் சவ்வில் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால்தான் அந்த வாயிற் புரதம் வடிவம் மாறி, அவற்றை உட்புறமாகத் திறந்துவிடும். குளுக்கோஸ் மட்டும் வந்தாலோ, சோடியம் மட்டும் வந்தாலோ அது வேலை செய்யாது. ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இந்தக் கருத்தை 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிராக் நகரக் கருத்தரங்கு ஒன்றில் முன்வைத்தார். உப்பு எதற்கு என்று கேட்கும் தாயிடம், சர்க்கரை உள்ளே போகும் கதவை உப்புதான் திறக்கிறது, அவை இரண்டும் போனால்தான் தண்ணீர் பின்னால் போகும் என்று சொல்லுங்கள். அது எளிமைப்படுத்தப்பட்ட விளக்கம் அன்று. உண்மையில் நடப்பதே அதுதான்.

காலரா நஞ்சு குடற்செல்லில் மற்றொரு வாயிலை, அதாவது குளோரைடு வெளியேறும் வாயிலை, மூடவிடாமல் திறந்து வைக்கிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும், அவற்றைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. ஆனால் அந்த நஞ்சு சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து நுழையும் வாயிலைத் தொடுவதில்லை. வெள்ளமாக நீர் வெளியேறிக்கொண்டிருக்கும் அதே குடலில் உறிஞ்சும் வழி ஒன்று பழுதின்றி இருக்கிறது என்பதுதான் இந்த மருத்துவத்தின் அடித்தளம்.

1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையை அடுத்த மேற்கு வங்க ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழி செலுத்தும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மஹலாநபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைக் கலந்த பொட்டலங்களை வரவழைத்து, நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டில் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமை அவர் வாழும்போதே வந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இனி, சர்க்கரையைக் கூட்டுபவர்களைப் பற்றி. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. சர்க்கரை இதைவிட மிகுந்தால், வாயில்கள் எடுத்துக்கொள்ள முடியாத பகுதி குடலிலேயே தங்கி, உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும், வயிற்றுப்போக்கு கூடும். சுவைக்காகச் சர்க்கரை சேர்த்த பழ பானங்களைக் கொடுக்க வேண்டாம் என்பது இதனால்தான். பொட்டலத்தை அதன் உறையில் எழுதியுள்ள அளவு நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கும் பழக்கம் தவறானது. பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் தூய நீருக்கு ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பிட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் பயன்தரும். மாவுப்பொருள் குடலில் சிறிது சிறிதாகவே குளுக்கோசாக உடைவதால், அது நீரை வெளியே இழுப்பதில்லை.

சோடியம்–பொட்டாசியம் பம்ப், 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்க ஒரு ஏ.டி.பி.யைச் செலவிடுகிறது என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். வெளியே தள்ளப்பட்ட சோடியம் மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறதே. செல் ஏன் இப்படி ஆற்றலை வீணாக்குகிறது?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தென்காசி

மனப்பாடம் செய்ததோடு நிற்காமல் இப்படிக் கேட்டதற்காக மகிழ்கிறேன், தம்பி. முந்தைய விடையிலேயே உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. குடற்செல்லின் வாயிலில் சோடியம் ஏன் உள்ளே வர முந்துகிறது? உள்ளே அது குறைவாக இருப்பதால். உள்ளே ஏன் குறைவு? செல்லின் மறுபக்கச் சவ்வில், இரத்தத்தை நோக்கி நிற்கும் இந்தப் பம்ப் ஓயாமல் அதை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால். செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம் இருக்க, உள்ளே 10 முதல் 15 வரையே இருக்கும். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு. ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவிட்டுச் செல் வாங்குவது இந்த ஏற்றத்தாழ்வைத்தான். பிறகு அந்த ஏற்றத்தாழ்வைச் செலவிட்டுக் குளுக்கோசையும் அமினோ அமிலங்களையும் உள்ளே கொண்டுவருகிறது, நரம்பில் செய்தியை அனுப்புகிறது. திரும்பி வரும் ஒவ்வொரு சோடியமும் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டே வருகிறது. எனவே அதை வீண் என்று சொல்ல முடியாது.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கூ என்பவர் 1957-இல் நண்டுக் கால்களின் நரம்பிலிருந்து இந்தப் பம்பைக் கண்டறிந்தார். நாம் அசையாமல் படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. மூளையில் அந்தப் பங்கு இன்னும் பெரியது.

எனக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. புதிதாக எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தொடங்கிய பிறகு சிறுநீரில் சர்க்கரை மிகுதி என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. ஆனால் மருத்துவர், "அப்படித்தான் வரும்" என்கிறார். நோய் முற்றிவிட்டதா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் மருத்துவர் எழுதியிருப்பது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்தாக இருந்தால், அவர் சொன்னது முற்றிலும் சரி. நலமான ஒருவரின் சிறுநீரகம் நாள்தோறும் சுமார் 180 கிராம் குளுக்கோசை வடிகட்டிவிட்டு, அதில் ஏறத்தாழ முழுவதையும் மீண்டும் இரத்தத்துக்கே எடுத்துக்கொள்கிறது. அப்படி மீட்டெடுப்பவை, குடலில் உள்ள சோடியம்–குளுக்கோஸ் வாயிலின் நெருங்கிய உறவினர்களே. உங்கள் மாத்திரை அவற்றில் முக்கியமான ஒன்றை அடைத்துவிடுவதால், மிகுதிச் சர்க்கரை சிறுநீரோடு போகிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருளின் ஆய்விலிருந்தே இம்மருந்துகள் உருவாயின.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும், தூய்மை வேண்டும். வாந்தி, கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, நெடிய உண்ணாநோன்பு ஆகிய நாள்களில் இந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்.

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அங்கே உணவு எரிகிறது, ஏ.டி.பி. கிடைக்கிறது என்று சொன்னேனே தவிர, எரிவது எப்படி ஏ.டி.பி.யாகிறது என்பதை நான் உள்ளபடி புரிந்துகொண்டதில்லை. எளிய தமிழில் சொல்ல முடியுமா?
— ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, நாமக்கல்

அம்மா, உங்களுக்குப் புரியாமல் போனதில் உங்கள் குறை எதுவும் இல்லை. உலகின் சிறந்த உயிர்வேதியியலாளர்களே இருபது ஆண்டுகள் தேடியும் காணாத இடம் அது. உணவின் ஆற்றலைப் பெற்று ஏ.டி.பி.க்குக் கைமாற்றும் ஓர் இடைப்பொருள் இருக்க வேண்டும் என்று நம்பி, அவர்கள் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1961-இல் பிரிட்டனின் பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே இல்லை, இருப்பது ஒரு சவ்வும் அதன் இருபுறத்து வேறுபாடுமே என்று எழுதினார். பலர் ஏற்கவில்லை. அவர் உடல்நலம் குன்றிப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து, ஜெனிஃபர் மாய்ல் என்ற சக ஆய்வாளருடன் அங்கேயே சோதனைகளைத் தொடர்ந்தார். 1978-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஊர்ப் பொதுத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நீரை மேலே ஏற்றுகிறது. ஏறிய நீர், உயரத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், கீழே பாயும் வலிமையோடு காத்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறி, இறுதியில் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன. அவை இறங்கிச் செல்லும் வழியில் வெளிப்படும் ஆற்றல்தான் மோட்டார். அது ஐட்ரஜன் அயனிகளான புரோட்டான்களைச் சவ்வின் ஒருபுறமிருந்து மறுபுறத்துக்கு ஏற்றுகிறது. திரும்பி வருவதற்குக் கொழுப்பு அடுக்கு அவற்றுக்கு வழிவிடாது. ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதியின் வழியேதான் அவை வர முடியும். அந்த நொதி ஒரு சக்கரம்; உவமையாகச் சொல்லவில்லை, அது மெய்யாகவே சுழல்கிறது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்து, அந்த இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று ஏ.டி.பி. உருவாகின்றன, நம் உடலில் அதற்கு எட்டுப் புரோட்டான்கள் தேவைப்படுகின்றன.

மிட்செல் சரி என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, 1966-இல் ஆந்த்ரே ஜேகன்டார்ஃப் செய்த சோதனை. பாலக் கீரையின் பசுங்கணிகச் சவ்வுகளை அவர் முதலில் புரோட்டான் மிகுந்த அமிலத்தில் ஊறவைத்து, பிறகு திடீரென்று புரோட்டான் குறைந்த காரக் கரைசலுக்கு மாற்றினார். இருட்டறை, ஒளி இல்லை, உணவு இல்லை. சவ்வின் இருபுறமும் புரோட்டான் அளவு வேறுபட்டிருந்தது என்பதைத் தவிர வேறு எந்த ஆற்றல் மூலமும் இல்லாத அந்த நிலையில் ஏ.டி.பி. உருவானது.

தொட்டி உவமையில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இங்கே உயரத்தின் இடத்தில் பெரும்பாலும் மின்னழுத்தம் இருக்கிறது. அது 150 மில்லிவோல்ட் அளவில் இருந்தாலும், சவ்வு அத்துணை மெல்லியது என்பதால், மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்ற மின்புலம் அங்கே நிலவுகிறது. ஒரு குளுக்கோசிலிருந்து கிடைக்கும் ஏறத்தாழ 30 ஏ.டி.பி.யில், சவ்வின் துணையின்றிக் கிடைப்பவை 4 மட்டுமே. மனிதர் ஒருவர் நாள்தோறும் தம் உடல் எடைக்கு ஏறத்தாழ ஈடான ஏ.டி.பி.யை ஆக்கிச் செலவிடுகிறார்; உடலில் எந்த நேரத்திலும் இருப்பில் உள்ளது அதில் மிகச் சிறு பகுதியே. சக்கரத்தை விளக்கியதற்காக பால் போயர், ஜான் வாக்கர் ஆகியோருக்கு 1997-இல் வழங்கிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், நண்டு நரம்பில் பம்பைக் கண்டறிந்த ஸ்கூ. ஏ.டி.பி.யைச் செலவிட்டு வேறுபாட்டை உண்டாக்கும் பம்பும், வேறுபாட்டைச் செலவிட்டு ஏ.டி.பி.யை உண்டாக்கும் சக்கரமும் ஒரே மேடையில் மதிக்கப்பட்டது பொருத்தமே என்று கருதுகிறேன்.

உடற்பயிற்சி நிலையத்தில் அறிமுகமான ஒருவர், கொழுப்பை எரித்து விரைவாக எடையைக் குறைக்கும் மஞ்சள் நிறத் தூள் இணையத்தில் கிடைப்பதாகச் சொல்கிறார். டி.என்.பி. என்று பெயராம். நம்பலாமா?
— இளைஞர், கோயம்புத்தூர்

தொடாதீர்கள். உங்களிடம் சொன்னவரையும் தடுத்துவிடுங்கள். அது கொழுப்பை எரிக்கும் என்பது உண்மை. அதனாலேயே ஆளைக் கொல்லும். டைநைட்ரோஃபீனால் என்ற அப்பொருள் முதல் உலகப் போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பயன்பட்டது; 1933-இல் அமெரிக்காவில் எடை குறைப்பு மருந்தாகப் புகழ்பெற்று, கண்புரையும் இறப்புகளும் நேர்ந்ததால் 1938-இல் மனிதப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்டது.

மேலே சொன்ன தொட்டியில் ஓட்டை போடுவதுதான் அதன் வேலை. புரோட்டான்களைத் தானே சுமந்து சவ்வைக் கடந்துவிடுவதால், சக்கரம் சுழல்வது குறைகிறது. மோட்டாரோ முன்னினும் விரைவாக ஓடுகிறது. உணவு எரிகிறது, ஏ.டி.பி. கிடைப்பதில்லை, ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

பிறந்த குழந்தையின் தோள்பட்டைகளுக்கிடையே உள்ள பழுப்புக் கொழுப்பும் இதே கசிவைத்தான் பயன்படுத்திக் குழந்தையைக் கதகதப்பாக வைக்கிறது. ஆனால் அங்கே கசியவிடுவது ஒரு புரதம். குளிரும்போது திறக்கவும் பிறகு மூடவும் உடலால் முடியும். தூளை விழுங்கிய பின் அதை மூட எவராலும் இயலாது.

மரவள்ளிக்கிழங்கை வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும், மூடாமல் வேகவைக்க வேண்டும் என்று என் மாமியார் சொல்வார். இதில் உண்மை உண்டா?
— வாசகி, ஆத்தூர், சேலம் மாவட்டம்

உண்டு. மரவள்ளியின் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் தனியறை ஒன்றில், சவ்வால் சூழப்பட்டு இருக்கிறது; அதை உடைக்கும் நொதி செல்லின் புறச்சுவரில் இருக்கிறது. கிழங்கு முழுமையாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நறுக்கும்போதோ எலி கடிக்கும்போதோ சவ்வு கிழிந்து, அவை கலந்து, ஐட்ரஜன் சயனைடு பிறக்கிறது. அந்த நஞ்சு, எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சேரும் கடைசிப் படியை அடைத்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் அதைப் பயன்படுத்த முடியாமல், மோட்டார் நின்றுவிடுகிறது.

ஐட்ரஜன் சயனைடு சுமார் 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகிவிடும் என்பதால் மூடாமல் வேகவைப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது: கொதிநீரில் நொதி அழிந்துவிட்டால், உடையாத லினமாரின் கிழங்கிலேயே தங்கிவிடும். ஆகவே தோலைத் தடிமனாகச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மிகுதியான புது நீரில் நன்றாக வேகவைத்து, வெந்த நீரையும் வடித்துவிடுங்கள். கசக்கும் கிழங்கைச் சமைக்கவே வேண்டாம்.